பரிசுக்கு வந்த பால்புட்டி

சென்ற மாதம் சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு நர்சுகள் என்னைத் தேடி வந்தார்கள். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்காகச் சின்னப் புத்தகம் ஒன்று போடப் போகிறார்களாம். குழந்தைக்கு என்னென்ன வாங்க வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். "முப்பது வருஷத்துக்கு மேல பிரசவம் பாத்திருக்கீங்க. ஒங்க அனுபவத்துல ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா" என்றார்கள்.

பட்டியலை வாங்கிப் படித்தேன். வாசனைப் பவுடர், நடைவண்டி, மை டப்பா, வயிற்றுவலி மருந்து, பால்புட்டி, புட்டியை வேகவைக்க மின்சாரப் பெட்டி என்று இரண்டு பக்கத்துக்கு ஓடியது. பவுடரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், மூச்சோடு உள்ளே போகும் என்றேன். நடைவண்டியையும் அடித்துவிடுங்கள், படியில் உருண்டு மண்டை உடையும். மை வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட வேண்டாம். நன்றாகத் துவைத்து வெயிலில் காய்ந்த பழைய பருத்தித் துணி பத்து இருந்தால் கடையில் விற்கும் பாதிப் பொருள் தேவையில்லை என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பால்புட்டி என்ற வரிக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது.

"இதுக்கு இன்னா எழுதட்டும்மா?" என்று இருவரில் சின்னவள் கேட்டாள்.

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் யோசனை எதுவும் வரவில்லை. அஞ்சலைதான் வந்தாள். இதை அவர்கள் புத்தகத்தில் போட மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் இருந்த தாய் சேய் நல விடுதிக்கு நர்ஸாக வந்து சேர்ந்தேன். அதற்குமுன் கடலூரில் பயிற்சி. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன், ரத்தத்தைப் பார்த்து மயங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும் கற்றுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதை நான் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு மேலே இருந்தவர் ஹெல்த் விசிட்டர் எஸ்தரம்மா. நாற்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவையை கணுக்கால் தெரியாமல் கட்டி, வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடை பிடித்து நடப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது கேள்வி கேட்டால் உடனே இடது கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்ப்பார். பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கிறாரோ என்று தோன்றும். வயல் வேலைக்குப் போகிற பெண்களைக்கூட "வாங்க, உட்காருங்க" என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்தப் பெண்களை யாரும் அப்படி அழைத்ததில்லை. அதற்காகவே நான் அவரைக் கும்பிட்டேன்.

வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. பிரசவ வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அடுப்பு மூட்டச் சொல்வார். பாத்திரத்தில் கத்தரிக்கோல், தொப்புள் கட்டும் நூல், துணித்துண்டு. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். இருபது நிமிஷம் ஆகாமல் மூடியைத் திறந்தால் திரும்பவும் முதலிலிருந்து. கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். நகத்தைக் காட்டச் சொல்வார். பெற்றவள் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போதும் என் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

அந்த நாட்களில் கொடியை அறுத்த இடத்தில் சாணிச் சாம்பல் வைப்பார்கள். ஏழெட்டு நாளில் குழந்தை வாயைத் திறக்க முடியாமல் வில்லாக விறைத்துப் போய்விடும். அனந்தபுரத்தில் ஒருத்திக்கு அப்படி இரண்டு குழந்தைகள் போயிருந்தன. மூன்றாவதை நாங்கள் எடுத்தோம். அந்த வீட்டில் யாரும் சாம்பலைத் தொடாமல் இருக்க, எஸ்தரம்மா பத்து நாள் தினமும் பஸ்ஸில் போய்த் தொப்புள் துணியைத் தானே மாற்றினார். பதினோராவது நாள் அந்தத் தாய் எங்கள் விடுதி வாசலில் வந்து நின்றாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் "அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஆகிவிட்டது. எஸ்தரம்மா சொன்னது மட்டுமல்ல, அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன நான் சொன்னதும்.

நான் வந்த மறு வருஷம் பால் டப்பா கம்பெனிக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து ஜீப்பில் வந்தார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கழுத்தில் டை, கையில் தோல் பெட்டி. எங்களிடம் இருந்தது துணியில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு. அவர் தட்டு வைத்த புதுத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சுவரில் ஒட்டக் கொழுகொழு குழந்தைப் படங்கள் கொடுத்தார். குழந்தைக் காட்சி ஒன்று நடத்துங்கள், பரிசு எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார். எஸ்தரம்மாவுக்குப் பணத்தாசை கிடையாது. அவருக்குக் கண்ணாடிப் புட்டியின் மேல்தான் மோகம். அளவு கோடு போட்ட அந்தப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா சரோஜா? எத்தனை அவுன்ஸ் குடிச்சுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. இதான் விஞ்ஞானம்" என்றார்.

ஆடி மாதத்தில் காட்சி நடந்தது. விடுதிக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தோம். செஞ்சி டவுனிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் தாய்மார்கள் குழந்தைகளைச் சீவிச் சிங்காரித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா ஒருவர் நடுவராக வந்திருந்தார். எடை, தலைச் சுற்றளவு, பல், கண் இமையின் உட்புறம், அம்மை குத்திய தழும்பு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். நான் துணியை அவிழ்த்துக் குழந்தையைத் தட்டில் வைப்பேன், எஸ்தரம்மா எடையைச் சத்தமாகச் சொல்வார்.

சிங்கவரத்திலிருந்து அஞ்சலை வந்திருந்தாள். அவளும் புருஷன் ஏழுமலையும் கூலிவேலை செய்பவர்கள், சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. கைக்குழந்தை பெண், ஏழு மாதம், பெயர் பூங்காவனம். அந்தப் பிரசவத்தை நான்தான் பார்த்தேன். போட்டிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டதும் நான்தான். அவள் பந்தலுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். குழந்தையைத் தட்டில் வைத்ததும் முள் பதினெட்டு பவுண்டைத் தாண்டியது. கையிலும் காலிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. கறுத்த, மினுமினுப்பான குழந்தை. டாக்டரம்மா வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டினார், அது கெக்கலித்துச் சிரித்து ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"என்ன குடுக்கறே குழந்தைக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எம் பாலுதாங்க. இப்பத்தான் கொஞ்சம் கேவுரு கூழு" என்றாள் அஞ்சலை.

முதல் பரிசு அவளுக்கு. கம்பெனிக்காரர் கையால் நான்கு டப்பா பால்மாவும் ஒரு பால்புட்டியும். தன் பாலைக் குடித்துப் பரிசு வாங்கிய குழந்தைக்குப் புட்டியைப் பரிசாகக் கொடுத்தோம். அன்று அந்தப் பந்தலில் இருந்த ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நானும் கை தட்டினேன்.

இரண்டாம் பரிசு கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்த ஒரு சமணக் குடும்பத்துக் குழந்தைக்கு. தாயின் பெயர் பத்மாவதி. அவளுக்கும் ஒரு புட்டி, இரண்டு டப்பா.

அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்கும் நான் போய்ப் பால் கலக்கக் கற்றுக்கொடுத்தேன். பத்மாவதி வீட்டில் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். கொல்லையில் சொந்தக் கிணறு. விறகு அடுக்கி வைக்கத் தனி அறை. நான் சொல்லச் சொல்ல, மாமியாரும் ஓரகத்தியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார்கள். புட்டிக்கென்று ஒரு பித்தளைப் பாத்திரத்தை உடனே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தை நன்றாக வளர்ந்தது.

அஞ்சலை வீட்டில் இரண்டே பாத்திரங்கள். ஒன்று சோற்றுக்கு, ஒன்று குழம்புக்கு. தண்ணீருக்கு ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். ஒரு அளவு தேக்கரண்டி மாவுக்கு இத்தனை அவுன்ஸ் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் புட்டியையும் அதன் வாய் ரப்பரையும் போட்டு நூறு எண்ண வேண்டும். மிச்சப் பாலைக் கொட்டிவிட வேண்டும்.

"நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதும்மா."

"பத்து விரலையும் பத்து தடவை மடக்கு."

மடக்கிக் காட்டினாள். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டாள்: "எம் பாலு நல்லாத்தானே எறங்குது? எதுக்கும்மா இது?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். எதுக்கும் வேண்டாம், டப்பாவை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "ஒம் பாலோட இதையும் குடு. இன்னும் நல்லா வளரும். நீ வேலைக்குப் போறப்போ மாமியார் குடுக்கலாம் இல்ல?" கம்பெனிக்காரர் கொடுத்த தாளில் அச்சாகியிருந்த வாசகம்தான் அது. என் வாய் வழியாக வந்தது.

"நீங்க சொன்னா சரிம்மா" என்றாள்.

ஆவணியில் மல்லாட்டைக்குக் களை எடுக்கும் வேலை தொடங்கியது. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அதுவரைக்கும் அஞ்சலை குழந்தையை வரப்பு மரத்தில் துணி ஏணை கட்டிப் போட்டு, நடுநடுவே போய்ப் பால் கொடுத்து வந்தவள். இப்போது புட்டி இருக்கிறதே என்று வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். மாமியாருக்குக் கண் பாதிதான் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை புட்டிப்பால். மார்பில் கட்டிய பால் வலித்தது. நாளாக ஆகச் சுரப்பு குறைந்தது. புரட்டாசியில் நின்றே போனது. புட்டியில் சுலபமாகக் குடித்துப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைக்கவில்லை, திமிறி அழுதது.

நான்கு டப்பாவும் எப்போதோ தீர்ந்துவிட்டன. அவள் விடுதிக்கு வந்து நின்றாள். நோஞ்சான் குழந்தைகளுக்கென்று எங்களுக்கு மூட்டையில் இலவசப் பால்பவுடர் வரும். அதிலிருந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது மூட்டையே வரவில்லை. அன்று அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரப்பரை எடுத்துக் காட்டினாள். கொதிக்கக் கொதிக்க அது பிசுபிசுத்து, நுனியில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பழைய பால் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"தேய்ச்சாலும் போவ மாட்டேங்குதும்மா. வேற குடுங்க."

செஞ்சியில் எந்தக் கடையிலும் அந்த ரப்பர் கிடைக்காது. சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ எழுதி வரவழைக்க வேண்டும். "அடுத்த வாரம் வந்துரும்" என்றேன். அடுத்த வாரம் வந்தாள், அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். நான் எழுதவே இல்லை. எஸ்தரம்மாவிடம் சொல்லி, அவர் கம்பெனிக்கு எழுத வேண்டும். அவர் வேலையாக இருந்தார், நான் ஞாபகப்படுத்தவில்லை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கையில் ஒரு பாலூட்டும் சங்கைக் கொடுத்து, பசும்பாலைக் காய்ச்சி அதில் ஊற்று என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. சங்கு பழைய வழக்கம், புட்டி விஞ்ஞானம்.

ஐப்பசியில் அடைமழை. விறகு எல்லாம் ஈரம். ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் ஏழுமலை குழந்தையைச் சாக்கில் சுற்றி மழையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பின்னாலேயே அஞ்சலை. மூன்று நாளாகப் பேதி. உரம் விழுந்து சுளுக்கியிருக்கும் என்று சொல்லி யாரோ புடவையில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். சாக்கை விலக்கினேன். உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே மடிந்து நின்றது. அழுதது, கண்ணீர் வரவில்லை. புதுத் தராசில் வைத்தேன். பதினோரு பவுண்டு.

"பால் எப்படிக் கலக்குனே?" என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த பொட்டலத்துல அரைக் கரண்டி போட்டேன். அப்பறம் இன்னும் கொஞ்சம் கம்மியா. தீந்துடுமேன்னு." என் முகத்தையே பார்த்தாள். "வெள்ளையாத்தான் இருந்துதும்மா."

ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் நல்லவர், செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடினார், காலில் தேடினார், தலையில் தேடினார். கடைசியில் தொடையில் தோலுக்கடியில் ஏற்றினார். பகல் இரண்டு மணிக்குப் பூங்காவனம் ஒருமுறை கொட்டாவி விட்டது. பிறகு மூச்சு இல்லை. அஞ்சலை அழவில்லை. கொட்டாவி விட்டதால் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க" என்று ஏழுமலையை அதட்டினாள்.

பரிசு வாங்கிய குழந்தை மூன்று மாதத்தில் செத்துப்போனால் சும்மா விட முடியாது. மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். மறுநாள் எஸ்தரம்மா மேஜையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதும் வேலை எல்லாம் எனக்குத்தான்.

"புட்டியை முறைப்படி சுத்தம் செய்யும் விதம் தாய்க்கு நேரில் கற்பிக்கப்பட்டது. எழுது. தாயின் கவனக்குறைவால் புட்டி கொதிக்கவைக்கப்படாமலும் பால் உரிய அளவில் கலக்கப்படாமலும் போனது. இதைத் தாயே ஒப்புக்கொண்டுள்ளார்."

என் பேனா நின்றது. "ரப்பர் வெடிச்சிருந்துதும்மா. மூணு தடவை வந்து கேட்டா. பவுடரும் நம்மகிட்ட இல்ல" என்றேன்.

எஸ்தரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "சரோஜா, நம்ம ரிஜிஸ்தர்ல எத்தனை நோஞ்சான் குழந்தை இருக்குது?"

"நாப்பதுக்கு மேல இருக்கும்மா."

"பவுடராலயும் புட்டியாலயும் ஒரு குழந்தை செத்துப்போச்சுன்னு நாமே எழுதினா, நாளைக்கு அந்த நாப்பதுக்கும் பவுடர் வராது. சாணி வைக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்க. பத்து வருஷமா நான் கட்டினது ஒரு காகிதத்துல போயிடும். அந்தப் பொண்ணுக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஜெயிலா, அபராதமா? எழுது."

தான் பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. நாற்பது குழந்தைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார். நான் யாரைக் காப்பாற்றினேன் என்று கேட்டால், என்னைத்தான். என் வேலையை நம்பி வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். எழுதினேன்.

தாயின் கைநாட்டு வேண்டும். நானே சிங்கவரத்துக்கு நடந்து போனேன். அஞ்சலை வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் புதைத்து நான்கு நாள்கூட ஆகவில்லை. மார்பில் துணி இறுகக் கட்டியிருந்தாள். நின்றுபோயிருந்த பால், குழந்தை போனபிறகு ஒரு நாள் லேசாகக் கசிந்ததாம். அதை என்னிடம்தான் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வது?

மைப்பெட்டியைத் திறந்து காகிதத்தை நீட்டினேன்.

"இன்னா எழுதியிருக்குதும்மா?"

"புள்ள பேதியில போச்சுன்னு எழுதியிருக்குது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கட்டைவிரலை நீட்டினாள். நான் பிடித்து மையில் ஒற்றி, நான் எழுதிய வரிகளுக்குக் கீழே பதித்தேன். விரல் நுனி முழுக்க மல்லாட்டைத் தோல் கீறிய கோடுகள். மை சரியாக விழவில்லை, இரண்டாம் முறை ஒற்ற வேண்டியிருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மார்கழியில் எஸ்தரம்மா சிங்கவரத்தில் தாய்மார்கள் கூட்டம் போட்டார். குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச்சு. பள்ளிக்கூடத்து மரத்தடியில் நாற்பது ஐம்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு புதுப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிக் கழுவுவது, எப்படி வேகவைப்பது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்தார். இந்த ஊரிலேயே நடந்தது, பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படித்தார். "தாயின் கவனக்குறைவால் புட்டி கொதிக்கவைக்கப்படாமலும்..." பெயர் எதற்கு? பரிசாகப் புட்டி வாங்கிய குழந்தை அந்த ஊரில் ஒன்றுதான். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை கடைசி வரிசையில் இருந்தாள்.

"இதைத் தாயே ஒப்புக்கொண்டுள்ளார்" என்று படித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"நான் எப்பம்மா ஒத்துக்கினேன்?"

எஸ்தரம்மா எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தடுமாறவில்லை. "கைநாட்டு வச்சிருக்கீங்களே" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

அஞ்சலை காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நர்சம்மா, இன்னா எழுதியிருக்குதுன்னு ஒங்கள கேட்டேன் இல்ல? வெறகு நனைஞ்சு கெடந்தப்போ என் முறத்த ஒடச்சு அடுப்புல வச்சு வேக வச்சேன். பத்து வெரலையும் பத்து தடவை மடக்கினேன். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க."

ஐம்பது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து, கீழே விரித்திருந்த பாயில் இருந்த புட்டியை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

பக்கத்தில் இருந்த அஞ்சலையின் மாமியார் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலேயே, "புள்ளய கொன்னுட்டியேடி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அந்த வார்த்தை அதுவரைக்கும் அந்த வீட்டில் இல்லை. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

திரும்பும் வழியில் எஸ்தரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கைநாட்டு வாங்கறப்போ படிச்சுக் காட்டலையா நீ?"

"இல்லம்மா."

"காட்டியிருக்கணும்" என்றார். குடையை விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதச் சொன்னது அவர், ஏமாற்றியது நான். மறு வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது மாலை போட்டு அனுப்பினோம். அந்த விடுதிக் கட்டடம் இப்போது இல்லை, கோப்புகள் என்ன ஆயின என்று தெரியாது. நான் எழுதியதை நான் எந்த நாளிலும் திருத்தவில்லை.

ஏழுமலை இரண்டு மாதம் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தான், பிறகு போய் அழைத்து வந்தான் என்று கேள்விப்பட்டேன். சிங்கவரத்துக்கு மாதம் ஒருமுறை போவேன். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். அந்தத் தெருப் பெண்கள் மறுபடி பழைய மருத்துவச்சியிடமே போனார்கள். நான் தெருவில் வந்தால் குழந்தைகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் அந்த ஊரில் இரண்டு குழந்தைகள் பிறந்து எட்டாம் நாள் விறைத்துப் போயின. நாங்கள் போயிருந்தால் அவை பிழைத்திருக்கும். எங்களை யாரும் கூப்பிடவில்லை. இதையும் அஞ்சலையின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாத உச்சி வெயிலில், மாட்டுவண்டி ஒன்று விடுதி வாசலில் வந்து நின்றது. வண்டிக்குள் அஞ்சலை. முதல்நாளிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல்தான் கொண்டுவந்திருந்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. நான் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனேன். என் கையை விலக்கிவிட்டு, ஏழுமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து குழந்தையைத் திருப்பிவிட்டார். அதுவரைக்கும் நான் தண்ணீர் கொதிக்கவைத்தேன், கையைத் தேய்த்தேன், நகத்தை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலி அடங்கிய ஒரு இடைவெளியில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒண்ணும் சொல்லிக் குடுக்காதே. புள்ளைய எடுத்துக் குடு, போதும்."

முன்பெல்லாம் 'நீங்க' என்று கூப்பிட்டவள்.

சாயங்காலம் குழந்தை பிறந்தது, பெண். அழுதது. கொடியைக் கட்டினேன், துடைத்தேன், துணியில் சுற்றினேன். எண்ணெய் ஊற்றாதே, சர்க்கரைத் தண்ணீர் வைக்காதே, சீம்பாலைப் பீச்சி எறியாதே என்று ஒவ்வொரு பிரசவத்திலும் பழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் நாக்கில் வந்து நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. குழந்தையை அவள் பக்கத்தில் படுக்கவைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதை மார்போடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் காலை ஏழுமலை வந்து அழைத்துக்கொண்டு போனான். பதிவேட்டில் எழுதக் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஏழுமலை வாயைத் திறந்தான். அஞ்சலை அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் மூடிக்கொண்டான். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நான் பேனாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.